கானாவூர் டாட் காமும் கூத்தாநல்லூர் ஆடுகளும்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தோகாவிலிருந்து அருள்பிரகாஷ் கூப்பிட்டான். பெண்ணின் போட்டோவைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தவன். குரலில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு திகைப்பு மட்டும் இருந்தது.

“ஆன்ட்டி, நீங்க அனுப்புன லிங்க்கத் தொறந்தேன். ரெண்டு பல்லு, அமைதியான சுபாவம், முப்பத்தெட்டு கிலோன்னு போட்டிருக்கு. பொண்ணோட விவரம் வேற எங்கயாச்சும் இருக்கா?”

இருதயம்மாள் அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். இயேசு கல்யாணத்துக்குப் போன ஊரின் பெயரில், தஞ்சாவூர் யாகப்பா நகரில் இருபத்திரண்டு வருஷமாகக் ‘கானாவூர் திருமணத் தகவல் நிலையம்’ நடத்துகிறவள் அவள். டெல்டாவில் உள்ள கத்தோலிக்க, லுத்தரன் குடும்பங்களில் பாதிப் பேரின் கல்யாண ஆல்பத்தில் ஏதாவது ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள். மாப்பிள்ளைகள் எல்லாம் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிப் போன பிறகு தபாலில் போட்டோ அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை என்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2007இல், ஒரு வெப்சைட் போட்டாள். அதைத் திறந்து பார்த்தாள். பெண் இருக்க வேண்டிய இடத்தில், பச்சைக் கயிறு கட்டிய ஒரு கறுப்புக் கிடா கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. மேலே ‘ஆட்டுக்கிடை டாட் காம், கூத்தாநல்லூர்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

நவம்பர் மாதம் அவளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. டிசம்பரில் திருவருகைக்காலம் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. எனவே ஜனவரிக் கல்யாணங்களை எல்லாம் இப்போதே பேசி முடிக்க வேண்டும். அருள்பிரகாஷுக்கோ ஜனவரியில் இருபத்தொரு நாள்தான் லீவு. அதற்குள் பெண் பார்த்து, மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தாலி கட்டி, விமானம் ஏற வேண்டும். இந்த அவசரத்தில் அவன் ஆட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெப்சைட் செய்து கொடுத்த ஃபெபியைக் கூப்பிட்டாள். தரங்கம்பாடிப் பெண், மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருந்தாள். ஃபெபி விசாரித்துவிட்டு வந்து விளக்கினாள். இணையத்தில் உள்ள ஒவ்வொரு சைட்டும் எங்கோ ஒரு மிஷினில் குடியிருக்கிறது. அதற்குச் சர்வர் என்று பெயர். மலிவான வாடகை என்பதால் கானாவூரும் இன்னும் முந்நூறு சைட்டுகளும் ஒரே சர்வரில் இருக்கின்றன. பக்ரீத் வருகிறது, ஆட்டுக்கடைக்குக் கூட்டம் தாங்கவில்லை, சர்வர் படுத்துவிடுகிறது. எழுந்திருக்கும்போது யார் எந்த சைட்டைக் கேட்டார்கள் என்பது அதற்கு மறந்துபோகிறது. அப்போது அகரவரிசையில் முதலில் இருப்பதைக் காட்டிவிடுகிறது.

“ஆட்டுக்கு ஏ, நமக்கு கே” என்றாள் ஃபெபி.

அப்படியென்றால் ‘அகானாவூர்’ என்று பெயரை மாற்றிவிடலாமா என்று இருதயம்மாள் கேட்டாள். மாற்றினால் ஆடு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் பெண்களைப் பார்ப்பார்கள் என்று ஃபெபி சொன்னதும் அந்த யோசனையைக் கைவிட்டாள்.

சர்வர்காரர்களுக்குப் புகார் அனுப்பினார்கள். தங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம் என்று பதினான்கு இலக்க எண் ஒன்றோடு பதில் வந்தது. சாயங்காலம் சைட் சரியானது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்த நேரத்தில் மறுபடியும் ஆடு வந்து நின்றது. இந்த முறை வெள்ளாடு.

இருதயம்மாளுக்குக் கோபம் வந்தது. ஆட்டின் கீழே இருந்த நம்பருக்கே போன் போட்டாள். எடுத்தவர் லியாகத் அலி, ஆட்டுக்கிடையின் முதலாளி. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “சொல்லுங்கம்மா, பொண்ணா, பையனா?” என்று கேட்டார்.

அவருடைய கஷ்டம் அவளுடையதைவிடப் பெரிதாக இருந்தது. கானாவூரைத் தேடி வந்தவர்கள் ஆட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடவில்லை. திரையில் இருந்த நம்பரைக் கல்யாண ஆபீஸ் நம்பர் என்று எண்ணி அவருக்கே அடித்திருந்தார்கள். ஷார்ஜாவிலிருந்து ஒரு அம்மா மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பத்து நிமிஷத்துக்கு இடையில் புகுந்து இது ஆட்டுக்கடை என்று சொல்ல லியாகத் அலிக்கு இடமே கிடைக்கவில்லை. அப்புறம் சொன்னால் அந்த அம்மா சங்கடப்படுவாரே என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்து வந்தவர்களுடையதையும் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை அவரே பஸ் ஏறி நோட்டோடு வந்துவிட்டார். அறுபது வயது, நெடுநெடுவென்ற உயரம். சவூதியில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து ஆட்டு வியாபாரம் தொடங்கியவர். வெளிநாட்டில் இருக்கும் கூத்தாநல்லூர்க்காரர்கள் அங்கிருந்தே ஆட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். இவர் அதை அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார். நோட்டில் வரன்களும் ஆடுகளும் வந்த வரிசையில் கலந்து கிடந்தன. லியாகத் அலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இது எம்.எஸ்சி. நர்சிங். இது கிடா, வித்தாச்சு. இது அஞ்சடி ஆறு, கப்பல்ல வேல. இது...” என்று சற்றுத் தயங்கி, “ஐம்பத்திரண்டு கிலோ, ஒரு போன் நம்பர், அவ்வளவுதான் போட்டிருக்கேன். யாருன்னு தெரியலம்மா” என்றார்.

இருதயம்மாள் அந்த நம்பருக்குப் போன் செய்து, மிகுந்த மரியாதையோடு, ஆடா பெண்ணா என்று தெரியாதது புலப்படாதபடி பேசிப் பார்த்தாள். அது திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பெண். எட்டு வரன்கள் அந்த நோட்டிலிருந்து தேறின. சண்டை போட வேண்டும் என்று போன் செய்ததே அவளுக்கு மறந்துபோயிற்று. இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு, இருவருக்கும் பொதுவான எதிரியான அந்தச் சர்வர்காரர்களைத் திட்டினார்கள்.

வேறு இடம் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஃபெபி இரண்டு வழி சொன்னாள். டெடிகேட்டட் சர்வர் என்றால் ஒரு முழு மிஷினும் நமக்கே. வேறு யாரும் உள்ளே வர முடியாது. ஆனால் வெறும் மிஷினை மட்டும் எடுத்தால் அதற்குக் காவல், சுத்தம், வைத்தியம் எல்லாம் நாமே பார்க்க வேண்டும். மேனேஜ்டு என்று எடுத்தால் அவர்களுடைய ஆளே கூட இருந்து கவனித்துக்கொள்வான்.

பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடி ஓய்வு பெற்ற அவள் கணவர் வேதநாயகத்துக்கு மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. மிஷினை விலைக்கு வாங்கி வீட்டிலேயே வைத்துவிட்டால் என்ன? படுக்கையறையில் அலமாரியை நகர்த்தி இடம் கூட அளந்துவிட்டார். தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகிற ஊரில், கரண்ட் போனால் கானாவூரும் போகும் என்று ஃபெபி சொன்னாள். அதற்கு ஜெனரேட்டர் வைக்கலாம் என்றார் அவர். ஜெனரேட்டர் ஓடினால் மதியம் தூங்க முடியாது என்று இருதயம்மாள் சொன்ன பிறகுதான் அலமாரி பழைய இடத்துக்குப் போனது.

கம்பெனி தேர்ந்தெடுப்பதை அவள் ஃபெபியிடம் விடவில்லை. சர்வரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் விசாரிக்கத் தெரியும். மாப்பிள்ளை விவரத்துக்கு வைத்திருந்த படிவத்திலேயே ஒரு கம்பெனிக்கு ஒன்று என்று மூன்று கம்பெனிகளுக்கு எழுதினாள். முதல் கம்பெனியின் சேல்ஸ்காரர் நாலு கோர், எட்டு ஜிபி மெமரி என்று அடுக்கினார். அதையெல்லாம் ‘படிப்பு’ என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டாள். கம்பெனி ஆரம்பித்து எத்தனை வருஷம், இதற்கு முன் வைத்திருந்தவர்கள் ஏன் விட்டுப் போனார்கள், அவர்களில் இரண்டு பேருடைய போன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டாள். சேல்ஸ்காரர் அப்படியெல்லாம் கொடுப்பதில்லை என்றார். ‘குடும்பம்’ என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூன்று கம்பெனிகளுக்கும் வேண்டுமென்றே போன் செய்தாள். கேட்டால் இருபத்திநாலு மணி நேரமும் இருப்போம் என்றுதானே எல்லாரும் சொல்லியிருந்தார்கள். முதல் கம்பெனியில் எடுக்கவில்லை. இரண்டாவதில் ஒரு வீணை இசை முடிவில்லாமல் ஓடியது. வேதநாயகம் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். மூன்றாவதில் ஒருவர் எடுத்தார். வாய் நிறைய சோறு. “ஒரு நிமிஷம் மன்னிச்சுக்குங்க” என்று விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார். பெயர் நெடுமாறன், பெங்களூரில் வேலை, சொந்த ஊர் நீடாமங்கலம். மன்னிப்புக் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. பழக்கதோஷத்தில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஆகி இரண்டு குழந்தைகள் என்றார்.

ஒரு நாளைக்கு எத்தனை பேர் சைட்டுக்கு வருகிறார்கள் என்று நெடுமாறன் கேட்டார். ஊரே வருகிறது என்றாள் இருதயம்மாள். ஃபெபி போனை வாங்கி, வளைகுடாவில் லீவு நாளான வெள்ளிக்கிழமை நானூறு, மற்ற நாளில் அறுபது என்றாள்.

“அம்மா, உண்மையச் சொல்றேன். இதுக்குத் தனி சர்வர் எடுத்தா, ஒரு ஆளு உக்காந்து போறதுக்கு ஒரு பஸ்ஸப் பிடிச்ச மாதிரி. உங்களுக்கு வேண்டியது பெரிய மிஷின் இல்ல. கவனிச்சுக்க ஒரு ஆளு.”

விற்க வந்தவர் வேண்டாம் என்று சொன்னதை அவள் அன்றுதான் முதலில் கேட்டாள். அப்போதே மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் தெளிவானது. பக்கத்தில் ஆடு இருந்தது ஒரு குற்றமே இல்லை. சர்வர் விழுந்தபோது பார்க்க ஆளில்லாமல் போனதுதான் குற்றம். உடனே லியாகத் அலியைக் கூப்பிட்டாள்.

அவர் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. பக்ரீத்துக்கு முந்தைய இருபது நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் நடக்கும் வீடியோ, திரும்பும் வீடியோ, தழை தின்னும் வீடியோ என்று மூன்று. என் மாப்பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ கூட இல்லையே என்று இருதயம்மாள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். இந்த ஆடுகளையும் சேர்த்தால் தனி மிஷின் பொருந்தும் என்றார் நெடுமாறன். மேனேஜ்டு டெடிகேட்டட் சர்வர் ஒன்று; உள்ளே இரண்டே குடித்தனம்; வாடகை பாதிப் பாதி. மிஷின் எப்போதாவது தடுமாறினால் ஆடும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம், ‘சற்றுப் பொறுங்கள்’ என்று ஒரு வரி மட்டும் தெரியட்டும் என்று மூவரும் பேசி ஏற்பாடு செய்தார்கள்.

ஃபெபி இரண்டு சைட்டையும் புதன்கிழமை மாற்றினாள். வெள்ளிக்கிழமை காலை இருதயம்மாள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அருள்பிரகாஷ் கூப்பிட்டான். இந்த முறை மைக்கேல்பட்டி ஆஷ்லினைப் பார்த்துவிட்டான். வல்லத்தில் ஒரு காலேஜில் நூலகர் வேலை பார்க்கும் பெண். அவன் குரல் ஒரேயடியாகக் குழறியது. ஆட்டைப் பற்றிப் பேசியபோது எவ்வளவு தெளிவாக இருந்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஜனவரியில் ஓலை வாசித்தார்கள். லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது கல்யாணம் நடந்தது. லியாகத் அலிக்கு அந்தப் பக்ரீத்தில் ஒரு ஆடு கூட மிஞ்சவில்லை.

பிப்ரவரியில் நெடுமாறன் முதல் அறிக்கையை அனுப்பினார். சர்வர் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீத நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் இருந்தது. ஃபெபி அது மிக நல்ல எண் என்று பாராட்டினாள். இருதயம்மாளுக்கு மனசு ஆறவில்லை. மீதி எங்கே போயிற்று என்று கேட்கப் போன் செய்தாள். மாதத்தில் மொத்தம் நாற்பது நிமிஷம் மிஷினைப் பழுது பார்க்க நிறுத்தியதாக நெடுமாறன் சொன்னார்.

“எப்ப நிறுத்துனீங்க?”

“செவ்வாக்கெழம மத்தியானம், ரெண்டு மணிக்கு.”

இருதயம்மாள் யோசித்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவளும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

“அப்ப பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.