பதினாலு புள்ளி வீட்டுக் கேமரா

ரேணுகா மாட்டுகிற கேமராவில், சம்மதம் தராத ஆள் தெரிய மாட்டார். காரைக்குடியில் இது 2021 தை மாதத்தில் தொடங்கியது, இன்றைக்கும் அப்படித்தான். முதலில் கண்டுபிடித்தவர் கல்லுக்கட்டிக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குழந்தைவேலு. கேமரா மாட்டிய அன்று அச்சகத்திலிருந்து அறிவிப்புப் பலகை வந்து சேரவில்லை. கல்யாண முகூர்த்தக் கூட்டம் வேறு. குழந்தைவேலு கல்லாவில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால் கடையில் ஈ காக்கை இல்லை. சேலைகள் மட்டும் தாமாகப் பிரிந்து, வெளிச்சத்துக்குத் திரும்பி, பிடிக்காமல் கலைந்து விழுந்துகொண்டிருந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தால் கடை நிறையப் பெண்கள். மறுநாள் பலகை வந்தது. இங்கே கேமரா இருக்கிறது, இன்ன காரணத்துக்காக இருக்கிறது, பதிவை இத்தனை நாள் வைத்திருப்போம், சந்தேகம் இருந்தால் இன்னாரைக் கேளுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தவர்கள் ஒழுங்காகத் தெரிந்தார்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவந்து பாதிப் பலகையைப் படித்தவர்கள் இடுப்பு வரைக்கும் தெரிந்தார்கள். கைக்குழந்தைகள் தெரியவே இல்லை. அம்மாக்கள் காற்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்கள், பால்புட்டி அந்தரத்தில் சாய்ந்து நின்றது. உடுத்தியிருப்பது ஆளோடு சேர்ந்து மறையும், கையில் எடுத்துப்போவது மறையாது. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு வருவது புரியும்.

ரேணுகா கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக்கில் படித்தவள், ஏணியில் தானே ஏறித் தானே துளை போடுகிறவள். மற்றவர்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் அரசு அறிவிக்கைகளைப் படிப்பாள். கேமரா அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது, வேலையாட்கள் உடை மாற்றும் இடத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் மாட்டமாட்டேன், சோதனைக்கூட முத்திரை இல்லாத பெட்டியைக் கடைக்குள் விடமாட்டேன், யார் படம் விழப்போகிறதோ அவரிடம் கேட்காமல் திருகாணியைத் தொடமாட்டேன் என்பாள். சட்டத்தில் இருப்பதைவிட ஒரு பிடி கூடவே பிடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எதிர் வரிசையில் கடை போட்டிருந்த விக்கிக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. பாதி விலைக்கு மாட்டினான், அவன் கேமராவில் தெருநாய் முதல் அடுத்த வீட்டுக் கொல்லை வரைக்கும் எல்லாம் தெரிந்தது. ரேணுகாவின் கேமராக்களை மதுரையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து கழற்றிப் பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினார். வியாபாரம் குறைந்தது, ஆனால் நின்றுபோகவில்லை. இந்த ஊரில் தாங்கள் தெரியக் கூடாது என்று நினைக்கிற கௌரவமான ஆட்களும் நிறையப் பேர் இருந்தார்கள்.

2024 சித்திரையில் பதினாலு புள்ளி வீட்டில் கேமரா மாட்ட அவளைக் கூப்பிட்டார்கள். தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீடு அது. பங்காளிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலுமாக இருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டது மலையம்மாள். பத்தொன்பது வருடமாகச் சாவி அவள் இடுப்பில்தான். நகரத்தார் கணக்கில் புள்ளி என்பது கல்யாணமான ஒருவரின் குடும்பம். கோவில் வரி, வீட்டுச் செலவு எல்லாம் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் பிரியும். மூத்தவரான சீதை ஆச்சி சென்னையிலிருந்து புள்ளிப் பட்டியலை அனுப்ப, ரேணுகா புள்ளிக்கு ஒரு சம்மதப் படிவமாகப் பதினாலு அனுப்பினாள். பதினாலும் கையெழுத்தோடு திரும்பி வந்தன, கோலாலம்பூர்ப் படிவத்தில் மட்டும் காபிக் கறை இருந்தது. பதினைந்தாவதாக மலையம்மாளுக்கு ஒன்றை வாசித்துக் காட்டினாள். மலையம்மாள் தன் பெயரை மூன்று தடவை அடித்து அடித்து எழுதினாள். அன்றிலிருந்து பதினாலு குடும்பங்களும் கைப்பேசியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. தூணில் சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு ஊரிலிருந்து போன் வரும், உடம்புக்கு முடியலையா என்று. அது கரிசனம் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக வந்த சீதை ஆச்சி, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பெல்ஜியம் நிலைக்கண்ணாடி மாட்டியிருந்த சுவரில் வெள்ளையடிக்காத ஒரு சதுரம் இருப்பதைப் பார்த்தார். நாலடி உயரம், தேக்குச் சட்டம். பழைய சாமான் வாங்குகிற கடைகளில் அதற்கு என்ன விலை போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. கண்ணாடி ஆணியிலிருந்து தானாகக் கழன்றது, ஒரு கணம் தயங்கியது, பிறகு குனிந்து நிலைப்படியைத் தாண்டி, வளவு என்கிற உள்முற்றத்தின் ஓரமாக வெயில் படாமல் நடந்து, வாசல் வழியாகப் போய்விட்டது. ஆச்சி இரண்டு தடவை பார்த்தார். பிறகு போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக்குக் கால் முளைக்கவில்லை, வீட்டில் இருந்தது ஒருத்தி, சாவி வைத்திருந்ததும் அவளே.

எஸ்.ஐ. வேல்பாண்டி கெட்டவர் இல்லை, வேலை அதிகம் உள்ளவர். ரேணுகாவைக் கூப்பிட்டு, இந்தப் பதிவைக் கோர்ட்டில் வைக்க வேண்டுமானால் கருவி ஒழுங்காக ஓடியது என்று சான்றிதழ் தர வேண்டும், கண்ணாடி நடந்துபோகிற படத்துக்கு யார் அப்படி எழுதுவார்கள், பேசாமல் கேமரா பழுது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், உங்களுக்கும் தொல்லை இல்லை என்று சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பழுது என்று எழுதினால் பதிவு குப்பைக்குப் போகும்; மிஞ்சுவது சாவியும் மலையம்மாளும்தான். ஒழுங்காக ஓடியது என்று எழுதினாலோ, மலையம்மாளும் கேமராக்காரியும் கூட்டுச் சேர்ந்து படத்தைத் திருத்திவிட்டார்கள் என்று ஆகும், கடையை மூடிவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். திங்கட்கிழமை வரைக்கும் தவணை. அதற்குள் ஒன்றும் தெரியாவிட்டால் மலையம்மாளைக் கைது செய்வதைத் தவிர வழி இல்லை என்றார் எஸ்.ஐ. மலையம்மாள் ஜெயிலுக்குப் பயப்படவில்லை. திருடி என்று ஒரு சொல் தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு செத்தாலும் அது போகாது என்றுதான் பயந்தாள். இரண்டு நாள் அவள் சோறு இறங்காமல் கிடந்ததை அந்தத் தெருவே பார்த்தது.

ரேணுகா பதிவை மெதுவாக, ஒவ்வொரு படமாக ஓட்டினாள். சனிக்கிழமை மதியம் அது கண்ணில் பட்டது. வளவைக் கடக்கும்போது கண்ணாடி ஒருமுறை கொல்லைப் பக்கம் திரும்புகிறது. அதற்குள்ளே, மூன்று கட்டுகளுக்கு அப்பால், கிணற்றடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மலையம்மாள் பாத்திரம் தேய்க்கிறாள். சம்மதம் எழுதிக் கொடுத்தவள் ஆகையால் கண்ணாடிக்குள்ளும் தெளிவாகத் தெரிந்தாள். கண்ணாடியைத் தூக்கிப் போகிறவர் இருக்க வேண்டிய இடத்தில் தூண் மட்டும் இருந்தது. ஆக எடுத்தது அவளில்லை; ஆனால் படத்தையே திருத்தியது என்பவர்களிடம் இது எடுபடாது. அப்படியானால் யார்? வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. தபால்காரர் அதைப் படித்தார், தெரிகிறார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தெரிகிறார். கள்ளன் என்றால் முதல் வேலையாக அதைத்தான் படிப்பான். அந்தப் பலகையை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போகக் கூடியவர், அதைத் தன் வீடு என்று நினைக்கிற ஆள் மட்டும்தான். ஆனால் வீட்டு ஆட்கள் பதினாலு புள்ளியும் கையெழுத்துப் போட்டாயிற்றே. ரேணுகா, கல்யாணம் முடிந்து சென்னைக்குத் திரும்பியிருந்த ஆச்சிக்குப் போன் போட்டு, யாராவது விட்டுப்போயிற்றா என்று கேட்டாள். சீதை ஆச்சி மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்து, பதினாலும் சரியாக இருக்கிறது, ஒரு புள்ளி கூடக் குறையவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

ரேணுகா இதை மலையம்மாளிடம் போய்ச் சொன்னபோது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏந்தாயி, நீ பதினாலுங்கிற. முன்னோருக்குப் படைப்பு வைக்கிற அன்னைக்கு வீட்டு ஆம்பளைக பந்தியில நான் பதினஞ்சு இலையில்ல போடுறேன்.”

பதினைந்தாவது இலை உடையப்பனுடையது. ஆச்சியின் காலமான வீட்டுக்காரருக்குக் கடைசித் தம்பி, ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆகவே புள்ளி இல்லை. ஆகவே பட்டியலில் இல்லை. யாரும் அவரை ஒதுக்கி வைக்கவில்லை, எண்ணவில்லை, அவ்வளவுதான். பட்டியல் தந்தவர்கள் அவரை மறந்ததில் வியப்பில்லை, பட்டியலை நம்பி ஆளை எண்ணாமல் விட்டது தன் தப்பு என்று ரேணுகா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கே தேவகோட்டைக்குப் பேருந்து ஏறினாள்.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கராக இருந்தார் உடையப்பன். வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் கட்டில், ஸ்டவ், நாற்காலி, மிச்ச இடம் பூராவும் அந்தக் கண்ணாடி. ஒளித்து வைக்கவில்லை. அது அவருடைய அம்மா கல்யாணத்தில் சீராகக் கொண்டுவந்த கண்ணாடி; அம்மா அதன் முன்னால் நின்று தலை சீவியதைப் பார்த்த பிள்ளைகளில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான், அதனால் எடுத்துவந்தேன் என்றார். வாசல் திறந்திருந்தது, மலையம்மா கொல்லையில் வேலையாக இருந்தது, கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன் என்றார். புகார் கொடுத்ததோ மலையம்மாளைத் திங்கட்கிழமை பிடிக்கப்போவதோ அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் எதையும் சொல்வது வழக்கமில்லை.

ரேணுகா படிவத்தை எடுத்தாள். விதிப்படி முழுவதையும் வாசித்தாள். வாசித்த பிறகு விதியில் இல்லாததையும் சொன்னாள்: இதில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் தெரிந்துவிடக்கூடும், தெரிந்தால் திருட்டு வழக்கு உங்கள் பேரில் திரும்பலாம், போடாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, வற்புறுத்தி வாங்கினால் அது செல்லாது. அவர் மாட்டேன் என்றுவிட்டால் மலையம்மாளுக்கு வேறு கதி இல்லை என்று தெரிந்தேதான் சொன்னாள். உடையப்பன் படிவத்தை வாங்கி, தன் பெயர் எழுதவேண்டிய காலி இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“இந்த அம்பத்தெட்டு வருசத்துல, அந்த வீட்டு விசயமா என்கிட்டக் கையெழுத்துக் கேட்டு வந்தது நீ ஒருத்திதாம்மா,” என்றார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, இனிஷியலோடு முழுப் பெயரையும் அழகாக எழுதினார்.

காரைக்குடியில் அப்போது மாலை நாலு மணி. எஸ்.ஐ. வேல்பாண்டி டீ குடித்தபடி அந்தப் பதிவைப் பத்தாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சட்டத்தின் இரு பக்கமும் முதலில் பத்து விரல்கள் வந்தன. அப்புறம் வெள்ளைச் சட்டை, வேட்டி, வியர்த்த கழுத்து. கடைசியாக முகம். கனத்தைத் தூக்குகிறவரின் முகம்தான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தது. வேல்பாண்டி டீயைக் குடித்து முடித்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை ரேணுகா சான்றிதழ் கொடுத்தாள்: கருவி ஒழுங்காக இயங்கியது, இப்போதும் இயங்குகிறது. மறுபேச்சில்லாமல் வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். சீதை ஆச்சி புகாரைத் திரும்பப் பெற்றார். கொழுந்தன் தன் அம்மா கண்ணாடியை எடுத்ததைத் திருட்டு என்று எழுதினால் குடும்பத்துக்குத்தான் கேவலம் என்று பதினாலு புள்ளியும் ஒத்துக்கொண்டன. கண்ணாடி தேவகோட்டையிலேயே இருக்கிறது.

மலையம்மாளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்போதும் போலச் சாவியை வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நேராக ரேணுகாவின் கடைக்கு நடந்தாள். எழுதிக் கொடுத்த சம்மதத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று கேட்டாள். கேட்கலாம், தருவது எவ்வளவு சுலபமோ திரும்ப எடுப்பதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம் என்றாள் ரேணுகா.

“அப்பக் குடுத்துரு தாயி. வேலையப் பாத்துக்கிறேன். நான் தெரிய வேணாம்.”

இந்தத் தடவை அவள் பெயரை ஒரே மூச்சில், அடிக்காமல் எழுதினாள்.

மறுநாள் காலை, பதினாலு வீடுகளின் கைப்பேசிகளிலும் ஒரு விளக்குமாறு வளவைத் தானாகக் கூட்டியது. வாளி நடந்துபோய்த் தண்ணீர் தெளித்தது. கொஞ்சநேரம் எதுவும் அசையவில்லை. அவள் உட்கார்ந்திருக்கிறாளா, எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு ஆள் பார்க்கலாம் என்று கோலாலம்பூரில் சொல்லிப் பார்த்தார்கள். வேறு யாரிடம் சாவியைக் கொடுப்பது என்று மற்றவர்கள் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். எட்டரை மணிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. “மலையம்மா, இருக்கியா?” என்று கேட்டார் சீதை ஆச்சி. “இருக்கேன் ஆச்சி,” என்றாள் மலையம்மாள். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டார் ஆச்சி. பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. இப்போது தினமும் கேட்கிறார்.