உறங்காத செல்கள்

செந்தில்குமாரின் கருமாதி முடிந்து மாதங்கள் ஆகியும் அவன் உடம்பின் ஒரு துளி மட்டும் உயிரோடிருந்தது. குடும்பத்தில் அது அவன் மனைவி சுகிர்தாவுக்கு மட்டுமே தெரியும்.

காரைக்காலில் அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், உடம்புச் சூட்டில் வைத்த பெட்டிக்குள், பிளாஸ்டிக் தட்டுகளில் அவனுடைய ஈரலில் தழும்பு போடும் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. மாற்று ஈரல் வைக்கச் சென்னைக்குப் போனபோது, "தூக்கிப் போடுற ஈரல் ஒன் ஆராய்ச்சிக்காவது ஆவட்டும்" என்று அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். புது ஈரல் ஒட்டவில்லை. ஒரே வாரத்தில் போய்விட்டான்.

நல்ல ஈரலில் அந்தச் செல்கள் உறங்கிக் கிடக்கும். காயம் பட்டால் விழித்துக்கொள்ளும். உள்ளே கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் மரபணு முடுக்கிவிடப்பட்டு, நார் நாராகத் தழும்பு உண்டாகும். காயம் ஆறியதும் மரபணு அடங்கிவிட வேண்டும். செந்தில் குடியை விட்டு வருஷக்கணக்காகியும் அவனுக்கு அடங்கவில்லை. தழும்பால் ஈரல் இறுகியது. அந்த இறுக்கமே மரபணுவை மேலும் முடுக்கியது. அதை எப்படி நிறுத்துவது என்பதுதான் சுகிர்தாவின் ஆராய்ச்சி.

பகலெல்லாம் நுண்ணோக்கியில் அவனைப் பார்ப்பாள். இரவு போலகம் ஊரிலிருந்த வீட்டில் சோற்றில் கை வைத்தால், ஆய்வுக்கூடத்தில் அவன் இன்னும் தழும்பு போட்டுக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு வரும். தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை அல்லி குரும்பகரத்திலிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, அண்ணன் கனவுல வந்து வயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிது. இன்னும் முடியலங்கிது. நாம ஏதாவது செய்யாம விட்டுட்டமா?"

சுகிர்தாவால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

 "அதுக்கு வலிக்குமா அண்ணி?" என்றாள் அல்லி.

"வலிக்காது. நரம்பு கெடையாது."

"அண்ணன் குடியத்தான் விட்டுச்சே, ஈரலு அடங்கலியே. போதும்னு அதுக்கு யாரு சொல்றது? கடல்ல கரைச்சிடுங்க அண்ணி."

மறுநாள் சுகிர்தா, கரைப்பதற்குமுன் அவை அடங்கட்டும் என்று, அந்தச் செல்களைக் கடினமான தட்டிலிருந்து எடுத்து, நல்ல ஈரலைப்போல மெத்தென்றிருந்த கூழ்ப்பரப்பில் விட்டாள். நாள் போகப்போக அவை நீட்டிய கைகளைச் சுருக்கிக்கொண்டன. அளந்து பார்த்தாள். கொலாஜன் மரபணு ஒவ்வொரு செல்லாக அடங்கிக்கொண்டு வந்தது.

ஒரு சில மட்டும் அடங்கவில்லை. மெத்தையில் கிடந்தும், இன்னும் பாறைமேல் கிடப்பதாகவே அவற்றுக்கு நினைப்பு.

"போதுங்க" என்றாள், தன்னை அறியாமல். பக்கத்து மேசையில் உடன் வேலை பார்த்த ஜெகபர் சாதிக் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து வெளியே போனார்.

அடங்கியவற்றை அவள் தனியே பிரித்து மருந்து ஊற்றி அழித்தாள்.  அன்று சாயங்காலம் அல்லியை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், இருவரும் தலை முழுகினார்கள்.

"எல்லாமே போயிடிச்சா அண்ணி?"

"இல்ல அல்லி. அடங்காதத வச்சிருக்கேன். அது ஏன் அடங்கலன்னு தெரியாம என்னால விட முடியல."

கோபித்துக்கொள்வாள் என்று சுகிர்தா காத்திருந்தாள். அல்லி ஈரத்தலையைப் பிழிந்து முடிந்துகொண்டு, இருட்டிக்கொண்டு வந்த கடலையே பார்த்தாள்.

"அப்ப அண்ணன் இன்னும் கனவுல வரும். வரட்டும் அண்ணி. நா பேசிக்கிறேன்."