சிவந்த காய்

தலைவருக்கு ஏழு சங்கங்கள். அவற்றில் ஐந்தில் உறுப்பினர் யார் யார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் ஏழுக்கும் ரப்பர் ஸ்டாம்பு உண்டு. ஏழும் ஒரே பிஸ்கட் டப்பாவுக்குள் ஒற்றுமையாகக் கிடக்கும்.

அவருடைய தங்கை இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். எல்லாருக்கும் விசிலம்மா. வேலையை விட்டு வந்தபோது பை, அடையாள அட்டை, சீருடை எல்லாவற்றையும் டிப்போவில் ஒப்படைத்தவள் விசிலை மட்டும் கொடுக்கவில்லை. எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றாள். அது அவள் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, 'தொலைந்தது' என்று எழுதிக்கொண்டார்.

அவள் வேலையை விட்டது செவ்வாழைக்காக. அவள் போன ரூட்டில் ஒரு பெண் வாரம் தவறாமல் சாக்கு நிறைய வாழைக்கன்று ஏற்றுவாள். லக்கேஜ் டிக்கெட்டுக்காக இருவரும் சண்டை போட்டுப் போட்டு, ஒரு கட்டத்தில் சண்டை போட ஆள் வரவில்லையே என்று ஏங்குகிற அளவுக்குச் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். அந்தப் பெண் கொடுத்த ஒரு செவ்வாழைக் கன்றை டிப்போவுக்குப் பின்னால், பஸ் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் விசிலம்மா நட்டு வைத்தாள். அது பதினைந்து மாதம் எடுத்துக்கொண்டது. தார் முற்றி, வெட்டி, பழுத்து, முதல் பழத்தை உரித்துத் தின்ற அன்று அவள் டிரைவரைப் பார்த்து, "நான் இறங்கிக்கிறேன்" என்றாளாம். அவர் அடுத்த ஸ்டாப்பில் என்று நினைத்துக்கொண்டார்.

நிலம் அண்ணனுடையது. அவர் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகப் புல் மண்டிக் கிடந்தது. தங்கை கேட்டதும் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது இருபது நிமிஷம் பேசினார். கேட்டவர்கள் இரண்டே பேர், அவளும் அவள் புருஷன் டெய்லரும். பேச்சின் கடைசியில்தான் விஷயம் வந்தது. ஒரு வருஷம்தான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஏழு சங்கங்களுக்கும் பொதுவாக ஒரு மாளிகை எழும்பும். அடிக்கல் தயாராக இருக்கிறது என்று காட்டினார். அவருடைய பெயர் இரண்டு அங்குல எழுத்தில் செதுக்கப்பட்டு, தேதிக்கு மட்டும் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

ஒரு வருஷம் போதாது என்று அவளுக்குத் தெரியும். தார் தொங்குகிற மரத்தை எந்த மனுஷன் பிடுங்குவான், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

முந்நூறு கன்று நட்டாள். பஸ்ஸில் நடுவே நடந்து டிக்கெட் போட வழி இருக்கவேண்டும் அல்லவா, அந்த மாதிரி வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டாள். தாய்மரத்தைச் சுற்றி முளைக்கிற பக்கக் கன்றுகளை, "படியில தொங்காதே, இறங்கு" என்று அதட்டிக்கொண்டே வெட்டினாள். அடுத்த போகத்துக்கென்று மரத்துக்கு ஒன்று மட்டும் விட்டு வைத்தாள். மரங்கள் அவள் தலையைத் தாண்டி, டெய்லர் தலையைத் தாண்டி, சுவரைத் தாண்டி வளர்ந்தன. காற்றடித்தால் சாயாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு மூங்கில் முட்டுக் கொடுத்தாள். ஒன்பதாம் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பூத் தள்ளின.

அணிலும் வௌவாலும் கடிக்காமலிருக்கத் தார்களுக்கு உறை தைத்துக் கொடுத்தது டெய்லர். கோட்டுக்குள் வைக்கிற லைனிங் துணியில் மிச்சம் விழுந்ததையெல்லாம் சேர்த்து, அடியில் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்தார். வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதால் ஒவ்வொரு தாரையும் நாடா வைத்து அளந்தார். இடுப்பளவு, உயரம், தோள்.

"தாருக்கு ஏதுங்க தோள்?" என்றாள் அவள்.

"உனக்குத் தெரியாது. மேல்சீப்பு அகலமா இருக்கறவங்களுக்கு இறுக்கித் தச்சா மூச்சு முட்டும்."

ஆள் குட்டை. மரமோ உயரம். ஏறி நிற்க எதுவும் இல்லாமல் கடைசியில் பம்ப் செட்டுக்குப் பக்கத்தில் கிடந்த அடிக்கல்லை உருட்டி வந்தார். எழுத்து செதுக்கிய பக்கத்தை மேலே வைத்தால் கால் வழுக்காது என்று கண்டுபிடித்ததும் அவர்தான்.

பதினோராவது மாதம் தலைவர் தோட்டத்தைப் பார்வையிட வந்தார். அவர் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை; பார்வையிடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் உறைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே தார் கருஞ்சிவப்பாகத் தொங்கியது.

"பழுத்துடுச்சேம்மா. சொல்லவே இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். அங்கேதான் தப்பு பண்ணினாள். தலைவருக்கு எதிரே சிரித்தால் அவர் காது அடைத்துக்கொள்ளும். மற்ற வாழைதான் பச்சையாகப் பிறந்து பழுத்து நிறம் மாறும், இது பிஞ்சிலேயே சிவப்பு, நிறத்தைப் பார்க்காதீர்கள், காயின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், அருவாள் மாதிரி இருக்கிறது, அது உருண்டு வர இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்று அவள் சொன்னதெல்லாம் முட்டுக் கொடுத்த மூங்கிலுக்குத்தான் கேட்டது. தலைவர் ஐம்பத்தெட்டு வருஷமாக வாழைப்பழம் சாப்பிடுகிறவர். பச்சை என்றால் காய், நிறம் மாறினால் பழம். இதைத் தங்கை வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அழைப்பிதழ் வந்தது. 'செவ்வாழை முதல் அறுவடைப் பெருவிழா' என்று தலைப்பு. தலைவர் படம் மூன்று. நின்றபடி ஒன்று, உட்கார்ந்தபடி ஒன்று, போன் பேசியபடி ஒன்று. மூலையில் ஒரு வாழைத்தார், தபால்தலை அளவில். பழத் துறையின் பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினர். முந்நூறு தாரும் ஒரே நாளில் வெட்டப்பட்டு லாரியில் ஏறும், அதிகாரி கொடியசைத்து வழியனுப்புவார். மறுநாள் காலை அதே இடத்தில் அடிக்கல் நாட்டு விழா. அழைப்பிதழை வீணாக்கக் கூடாதென்று பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

விசிலம்மா முன்பக்கத்தைப் படித்தாள். பின்பக்கத்தைப் படித்தாள். பழுக்காத முந்நூறு தார் குப்பைக்குப் போகும். மறுநாள் தாய்மரமும் பக்கக் கன்றும் ஒன்றாகப் பிடுங்கப்படும். திரும்பிப் போக வேலையும் கிடையாது; அந்த ரூட்டில் இப்போது மெஷின் டிக்கெட் கொடுக்கிறது.

மூன்று முறை அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். முதல் முறை அவர் மீட்டிங்கில் இருந்தார். இரண்டாம் முறை, மீட்டிங்கைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை முகம் கொடுத்துப் பேசினார். அதிகாரியின் தேதியை மாற்ற முடியாது என்றார். வாழையின் தேதியை மட்டும் மாற்றலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பு வரும். சிரித்தால் காது அடைக்கும்.

விழாவுக்கு முதல் நாள் நான்காம் முறையாகப் போனாள். தலைவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெட்ட வேணாம்னு சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரு தாரை முதல்ல வெட்டுவோம். மேடையில முதல் பழத்தை நீங்க சாப்பிடணும். அப்புறம் மீதி."

தலைவர் திரும்பினார். "முதல் பழம் எனக்கா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏழு சங்கத்திலும் அவருக்கு யாரும் எதையும் சாப்பிடக் கொடுத்ததில்லை. விசிலம்மாவுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் தோட்டத்து வாசலில் மேடை போட்டு இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பாதி நிறைந்தது. தோட்டத்துக்கு வெளியே ரிப்பன் கட்டின லாரி நின்றது. அதன் டிரைவர் முப்பது வருஷமாக வாழைத்தார் ஏற்றுகிறவர். உறையைத் தூக்கி ஒரு காயை விரலால் தடவிப் பார்த்துவிட்டு லாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். வெட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர் அரிவாளோடு வரிசையில் நின்றார்கள்.

முதல் தாரை வெட்டி, உறையை அவிழ்த்து, மேஜையில் வைத்தார்கள். கூட்டம் கைதட்டியது. பார்க்க நிஜமாகவே அழகாக இருந்தது. தலைவர் ஒரு காயைப் பிய்த்தார். உரிக்க வரவில்லை. செயலாளர் பேனாக் கத்தி கொடுத்தார். தோலைச் சீவி, கேமரா பக்கம் முகத்தைத் திருப்பி, பெரிதாக ஒரு கடி கடித்தார்.

பழுக்காத வாழை நாக்கில் பட்டால் என்ன ஆகும் என்பதைத் தின்றவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாய்க்குள் யாரோ கம்பளி விரித்த மாதிரி இருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளி போல, கிளம்பவே கிளம்பாது. தலைவர் கண்ணில் நீர் திரண்டது. கூட்டம் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு மறுபடி கைதட்டியது.

"அழ்ழுமை" என்றார் தலைவர்.

அவர் அருமை என்று சொல்லிவிட்ட பிறகு மற்றவர்கள் வேறு என்ன சொல்வது? அதிகாரி ஒரு துண்டு வாங்கி மென்றார். வெகுநேரம் மென்றார். "தனித்தன்மையான சுவை" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். செயலாளர் தலையை ஆட்டினார். பொருளாளர் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார், வாயைத் திறக்காமல். மேடையில் இருந்த நாலு பேர் கையிலும் கடித்த காய் இருந்தது. நாலு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

தலைவர் கையை உயர்த்தி வெட்டுக்காரர்களுக்குச் சைகை காட்டினார். பன்னிரண்டு பேரும் தோட்டத்துக்குள் அடி வைத்தார்கள்.

விசிலம்மா விசிலை எடுத்து ஒரே ஒரு ஊது ஊதினாள்.

இரண்டு விசில் என்றால் போ. ஒன்று என்றால் நில். இருபத்திரண்டு வருஷமாக அவள் பஸ்ஸில் ஏறி இறங்கினவர்கள் அத்தனை பேரும். வெட்டுக்காரர்கள் தூக்கின காலோடு நின்றார்கள். நாற்காலியில் இருந்தவர்கள் எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். அதிகாரியின் ஜீப் டிரைவர், நின்றிருந்த ஜீப்பிலேயே பிரேக்கை மிதித்தார். தலைவரும் உயர்த்திய கையோடு நின்றார். பள்ளிக்கூடம் போகும்போது அவரும் பஸ்ஸில் போனவர்தானே.

அவள் மேடைக்குக் கீழே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மேடை ஓரத்து மைக் திறந்தே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"கையில இருக்கறதை முழுசா சாப்பிடுங்கண்ணே. சாப்பிட்டு முடிச்சிட்டு வெட்டச் சொல்லுங்க. நானே இரண்டு விசில் கொடுக்கறேன்."

தலைவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை முன்னால் கொண்டு வந்தார். முக்கால் காய் மீதி இருந்தது. காயைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தொட்டுப் பார்க்கிற பழக்கமே இல்லாதவர், கட்டைவிரலால் அதன் விளிம்பை மெல்லத் தடவினார். நிஜமாகவே அருவாள் மாதிரி இருந்தது.

அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்னப் பேச்சு அன்றைக்குத்தான்.

"இன்னும் மூணு மாசம்" என்றார். நாக்கு அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை.

லாரிக்குள்ளிருந்து டிரைவரின் குரல் வந்தது. "அதைத்தானே காலையில இருந்து சொல்லணும்னு படுத்திருக்கேன்."

ஆனால் கொடி இருந்தது. அதிகாரி வந்ததே அதை அசைக்கத்தான். காலி லாரிக்குக் கொடியசைத்தால் போட்டோ நன்றாக இருக்காது என்று செயலாளர் கவலைப்பட்டார். டெய்லர்தான் வழி சொன்னார்: எப்படியும் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க ஒரு வண்டி வேண்டும். ஜனங்களை எழுப்பி இருநூறு நாற்காலியையும் லாரியில் அடுக்கினார்கள். அதிகாரி கொடியசைத்தார். 'செவ்வாழை – முதல் அறுவடை' என்ற துணிப் பட்டையோடு நாற்காலிகள் கம்பீரமாகப் புறப்பட்டுத் தெரு முனையில் இருந்த வாடகைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. நின்றபடி எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் அடிக்கல் விழா நடக்கவில்லை. தலைவருக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லப்பட்டது. பிறகு விழா தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லப்பட்டது. பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. விசிலம்மாவும் போய்க் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் தொடரும் சில விஷயங்கள் உண்டு என்பது பஸ்ஸில் படித்த பாடம்.

காய்கள் விளிம்பு மழுங்கி உருண்டன. கருஞ்சிவப்பு வெளுத்து உள்ளே விளக்கேற்றினது போல ஒரு செம்மஞ்சள் தட்டியது. பதினைந்தாம் மாதம் முதல் பத்துத் தாரை வெட்டினாள். ஒன்பது லாரியில் போயின. இந்தத் தடவை டிரைவர் படுக்கவில்லை. தாருக்குத் தார் உறையை அவிழ்த்துப் பார்த்து, தையலைப் பாராட்டினார். ஒன்றை மட்டும் தையல் கடையின் மூலையில் துணி மூடி வைத்தாள். எட்டாம் நாள் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு மணம்.

ஒன்பதாம் நாள் காலை, அவள் தோட்டத்தில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது தலைவர் வந்தார். செயலாளர் இல்லை, கேமரா இல்லை. சட்டையை வெளியே விட்டிருந்தார். கடையில் பழுத்த தாரிலிருந்து கூடையில் கொண்டுவந்திருந்த ஒரு பழத்தை அவள் எடுத்து நீட்டினாள். அவர் அதை உற்றுப் பார்த்தார். ஒருமுறை சூடு பட்ட ஆள். பிறகு உரித்தார், தோல் தானாகக் கழன்று வந்தது. கடித்தார். மென்றார். இன்னொரு கடி.

அருமை என்று சொல்லவில்லை. முழுசாகத் தின்றுவிட்டுத் தோலை எங்கே போடுவது என்று கேட்டார்.

"மரத்தடியிலயே போடுங்கண்ணே."

போட்டவர் குனிந்த இடத்தில், தாய்மரத்தை ஒட்டி இடுப்புயரத்துக்கு நின்ற கன்றைப் பார்த்தார். இது எப்போது தார் போடும் என்று கேட்டார். இதற்கும் ஒரு வருஷம் பக்கம் ஆகும், தன் நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்றாள்.

தலைவர் நிமிர்ந்தார்.

"கட்டடம் என்னம்மா கட்டடம். ஏழு ஸ்டாம்பு, அதுக்கு ஒரு டப்பா போதாதா."

அவள் வாய்க்காலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. வாயில் காய் எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து டெய்லர் நாடாவும் உறையுமாக வந்து, கடைசி வரிசையில் ஒன்று தாமதமாகத் தார் தள்ளியிருக்கிறது, அளவெடுக்க வேண்டும் என்றார். நான் தொட்டுப் பார்க்கிறேன் மாப்பிள்ளை, என்றார் தலைவர். எட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்து, கீழே கிடந்த கல்லின் மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் தாரைப் பிடித்து, ஒவ்வொரு காயின் விளிம்பாகத் தடவினார்.

"இது காய்" என்றார் மேலே இருந்தபடி, ரொம்பத் தெரிந்தவர் மாதிரி. "இன்னும் மூணு மாசம் ஆகும்."

"ஆமாங்கண்ணே" என்றாள் விசிலம்மா.

"கல்லு நல்லா பிடிப்பா இருக்கு மாப்பிள்ளை. வழுக்கவே இல்ல."

"பெரிய எழுத்து மச்சான்" என்றார் டெய்லர்.