பின்கதவின் தாழ்ப்பாள்

உப்பளத்து ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் நேரம் பார்த்து ஞானமேரி மாதா கோயில் தெருவுக்குள் வருவாள். ஒரு வீட்டையும் விடமாட்டாள். கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடுவாள். இழுத்து ஆட்டிப் பார்ப்பாள். "போட்டாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடி திறந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். ஆரம்பத்தில் தெருவே கண் கலங்கியது. ஆறு மாதம் போனதில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பிள்ளைகள் அவளைப் போலவே கதவை ஆட்டி விளையாடவும் செய்தார்கள். மரக்காணத்தில் மட்டுமா, எந்த ஊரிலும் அடுத்தவர் துக்கம் அவ்வளவு நாள்தான் தாங்கும்.

பழகாதவர் ஒருவர் இருந்தார். ஏழாவது வீட்டு கஸ்பார். வேன்களுக்கும் லாரிகளுக்கும் மரத்தில் பாடி கட்டுகிற மேஸ்திரி. தாழ்ப்பாள் 'ளொடக்' என்று விழுந்ததும் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றுவிடும்.

"பாவம் அது, வந்துட்டுப் போவுது. நீங்க துன்னுங்க" என்பாள் மனைவி ஆனந்தம்மாள்.

அவர் சாப்பிடமாட்டார். அந்தச் சத்தம் அவருக்கு மட்டும்தான் வேறு மாதிரி கேட்டது.

நடந்தது இதுதான். போன வருஷம், எழுபத்து நாலில், பிரம்மதேசத்து சக்கரபாணி ஒரு பழைய வேனை வாங்கினார். உப்பளம் வைத்திருக்கும் மனிதர், புதுசு புதுசாக ஏதாவது யோசிப்பார். வேனுக்குள்ளேயே படுக்கப் பலகை, ஸ்டவ் வைக்க அலமாரி, தண்ணீர் டிரம், ஜன்னலுக்குத் திரை என்று எல்லாம் வைத்து, குடும்பம் குடும்பமாகக் கோயில் குளம் சுற்றிவர வாடகைக்கு விடலாம் என்பது அவர் திட்டம். பாடி கட்டும் வேலை கஸ்பாரிடம் வந்தது. வேலை பாதியில் இருக்கும்போதே ஊர் ஜனம் வந்து வந்து பார்த்து, 'ஓடுற வூடு' என்று பெயரும் வைத்துவிட்டது. முதல் பயணம் வேளாங்கண்ணிக்கு, கொடியேற்றத்துக்கு முதல் நாள் கிளம்புவதாக முடிவானது.

கடைசி நாளில் மிச்சமிருந்தது பின்கதவு. மூன்று கீல், கீலுக்கு நாலாக மொத்தம் பன்னிரண்டு திருகாணி. முதலில் சின்னதாகத் துளை போட்டு, பிறகு திருப்புளி வைத்து, ஒவ்வொன்றையும் கடைசி வரை திருகி இறக்க வேண்டும். அப்போதுதான் மரம் அதைப் பிடித்துக்கொள்ளும். கஸ்பாருக்கு இது தெரியாதா? முப்பது வருஷ வேலைக்காரர். ஆனால் மணிக்கட்டு வலித்தது. வாசலில் சக்கரபாணி வேறு, "ஏம்பா, முடிஞ்சுதா?" என்று நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கஸ்பார் சுத்தியலை எடுத்தார். திருகாணியை ஆணி மாதிரி அடித்து இறக்கினார். கடைசியில் திருப்புளியால் அரைச் சுற்று, பார்வைக்காக. பெயிண்ட் பூசியதும் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. எவன் கழட்டிப் பாக்கப் போறான் என்று நினைத்துக்கொண்டார்.

எந்தத் தொழிலிலும் கெட்ட வேலை இந்த ஒரு நினைப்பில்தான் ஆரம்பிக்கிறது.

மறுநாள் காலை வண்டி கிளம்பியது. செய்தவர் என்ற மரியாதைக்கு கஸ்பாருக்கு டிரைவர் பக்கத்தில் இடம். கடைசியாக ஏறியவள் ஞானமேரி. அவள் புருஷன் இருதயநாதன் சக்கரபாணியின் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். வேலை இருந்ததால் அவன் வரவில்லை. இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் ஆறு வயது மகள் சந்தனமேரி. பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டவளும் ஞானமேரிதான். சந்தனமேரி கதவில் சாய்ந்துகொண்டு, கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக உப்புக் குவியல்களை எண்ணிக்கொண்டு வந்தாள். அனுமந்தைக்கு முன்னால் ஒரு மதகு. வண்டி அதில் ஏறித் தூக்கிப் போட்டது. பன்னிரண்டு திருகாணியும் வெண்ணெயில் குத்திய ஈர்க்குச்சி மாதிரி உருவிக்கொண்டு வந்துவிட்டன. கதவு விழுந்தது. பிள்ளையும் விழுந்தது. பிள்ளை எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் பிள்ளையிடம் ஓடினார்கள். கஸ்பார் கதவிடம் ஓடினார்.

கதவு சாலையோரம் குப்புறக் கிடந்தது. புரட்டினார். தாழ்ப்பாள் போட்டபடியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீல் துளைகளில் திருகாணியின் மரை பதிந்த அடையாளமே இல்லை. யாரும் பார்க்கவில்லை. குனிந்து தாழ்ப்பாளை உள்ளே தள்ளினார். 'ளொடக்'.

விசாரிக்க வந்த ஏட்டு, "தாப்பா போட்ருந்துதா?" என்று கேட்டபோது, "தெறந்துதாங்க கெடந்துது" என்றார் கஸ்பார். கதவு தாழ்ப்பாள் பக்கம் திறந்துகொண்டதால் கீலும் பிய்ந்துவிட்டது என்று விளக்கமும் சொன்னார். தொழில் தெரிந்தவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? ஞானமேரி முதலில், "நான் போட்டேங்க" என்றாள். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டதும், "போட்ட மாதிரிதான் இருக்குது" என்றாள். அடக்கம் முடிந்து வந்த பிறகு, "போட்டேனா?" என்று கேட்கத் தொடங்கினாள். மாமியார் சவரியம்மாள் கைக்குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். ஒரு பிள்ளையைக் கொன்றவளிடம் இன்னொன்றை எப்படிக் கொடுப்பது என்று வாய்விட்டே சொன்னாள். இருதயநாதன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

சக்கரபாணியின் கொட்டகையில் ஆறு மாதம் கிடந்த வண்டி மாசி மாதம் மறுபடி கஸ்பாரின் பட்டறைக்கு வந்தது. கழன்ற கதவும் கூடவே வந்தது.

"மாசி மகத்துக்கு ஓடணும்பா. அதே கதவ மாட்டிடு, நல்ல தேக்கு" என்றார் சக்கரபாணி.

இந்தத் தடவை கஸ்பார் துளை போட்டார், திருப்புளியால் திருகினார். ஒவ்வொரு சுற்றிலும் மரம் முனகியது. கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சாய்ந்திருப்பது போலவே இருந்தது. இரண்டு முறை உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். ஒருவரும் இல்லை. பன்னிரண்டையும் முடித்து நிமிர்ந்தபோது பட்டறை வாசலில் ஞானமேரி நின்றிருந்தாள்.

நேரே வண்டிக்குள் ஏறினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். இழுத்து ஆட்டினாள். கதவு அசையவில்லை.

"போட்டா நிக்குதேண்ணா" என்றாள் உள்ளேயிருந்து. "அப்ப நான் போடலதான்."

அந்த நேரத்தில் இருதயநாதன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். கையில் அவள் துணிமூட்டை.

"மன்னிச்சுக்குங்க மேஸ்திரி. நாளைக்கே பெரிய முதலியார்சாவடில அவங்க அம்மா வூட்ல கொண்டு வுட்டுடறேன். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"கொழந்த?" என்றார் கஸ்பார்.

"அது எங்கம்மாகிட்டயே இருக்கட்டும். இவள நம்பி எப்பிடித் தர்றது?"

உள்ளே தாழ்ப்பாள் திறந்தது. பிறகு விழுந்தது. மறுபடி திறந்தது. கஸ்பாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. திருப்புளி கையிலிருந்து நழுவியது. போய்க் கதவைத் திறந்துவிட்டு, படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போட்டுதாம்மா இருந்தே. தாப்பா போட்டபடியே கெடந்துது. நாந்தான் தள்ளி வுட்டேன். ஸ்குரூவத் திருகல, சுத்தியால அடிச்சேன். அது புடுங்கினு வந்துடுச்சு. ஏட்டுகிட்ட பொய் சொன்னேன்."

இருதயநாதன் கையிலிருந்த மூட்டை கீழே விழுந்தது.

"போட்டுதான் இருந்துதா?" என்று கேட்டாள் ஞானமேரி.

"போட்டுதான் இருந்துது."

"போட்டுதான் இருந்துதா?"

"சத்தியமா போட்டுதாம்மா இருந்துது."

அவள் அழவில்லை. கீலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு ஸ்குரூ திருகறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்ணா?"

"ரெண்டு நிமிஷம்."

"இதுல எத்தினி?"

"பன்னெண்டு."

"இருபத்தி நாலு நிமிஷம்" என்றாள். "எம் பொண்ணுக்காவ அது இல்லாம பூட்ச்சு உங்கிட்ட. அதுக்கப்புறம் ஒரு வார்த்த சொல்றதுக்கு ஆறு மாசம் ஆச்சா?"

இருதயநாதன் அவரை அடிக்கக் கை ஓங்கியவன், ஏனோ கையை இறக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் குழந்தையோடு வந்தான். அதை அவள் மடியில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் படியருகே நின்றான். அவள் குழந்தையைத்தான் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே கஸ்பார் ஏட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். கேஸ் நடந்தது, தண்டனை வந்தது, அனுபவித்துவிட்டுத் திரும்பினார். மத்தியானங்களில் தெருவில் இப்போது தாழ்ப்பாள் சத்தம் இல்லை. ஆனாலும் அந்த நேரம் வந்தால் கஸ்பாரின் கை சோற்றோடு நின்றுவிடும். சத்தம் வராததுதான் அவரை அதிகமாக வதைத்தது.

பிறகு அவரே கிளம்பினார். முப்பது வருஷத்தில் தான் கட்டிய ஒவ்வொரு வண்டியையும் தேடிப் போனார். பையில் ஒரு திருப்புளி, கொஞ்சம் திருகாணி. சொந்தக்காரர் முன்னாலேயே கீலில் ஒன்றைக் கழற்றிக் காட்டுவார். அடித்ததாக இருந்தால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகத் திருகித் தருவார். காசு வாங்கமாட்டார்.

அனுமந்தையில் லாரி வைத்திருந்த அப்பாதுரைக்குச் சிரிப்பு வந்தது. "இன்னா மேஸ்திரி, ஊர்ல எல்லாரும் அடிச்சுதான் இறக்கறான். உள்ள இருக்கறத எவன் பாக்கப் போறான்?"

கஸ்பார் திருகுவதை நிறுத்தவில்லை.

"நானும் அப்பிடித்தாம்பா நெனச்சேன். எவனும் பாக்கமாட்டான், அதனாலதான் ஒழுங்கா செய்யணும். பாக்க முடியாததுனாலதான் ஜனங்க நம்பள நம்பி, புள்ளையத் தூக்கினு வண்டில ஏறுது. அந்த நம்பிக்கையில சுத்தியால அடிக்கறவன் வேலைக்காரன் இல்லப்பா, கொலைகாரன். நான் ஒருத்தன் ஆனது போதும்."

அப்பாதுரை அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. லாரியின் அடுத்த கதவை அவனே திறந்து பிடித்துக்கொண்டான்.