பரண் வெயில்

அழகேசன் கோடாலியோடு ஏணியில் கால் வைத்தபோது அன்னம் வாசலுக்கு ஓடிவந்தாள். பாதி அவருக்காக. பாதி வடாமுக்காக.

1976 பிப்ரவரி. கனடாவின் ஸ்கார்பரோவில் அவர்கள் வாங்கிய முதல் வீடு. கூரை விளிம்பில் முழ உயரத்துக்குப் பனிக்கட்டி அணை கட்டி நின்றது. அதன் பின்னால் தேங்கிய தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து படுக்கையறையில் சொட்டியது. மூன்று நாளாகக் கட்டிலின் நடுவே இட்லிப் பானை. கணவனும் மனைவியும் அதன் இருபுறமும் படுத்தார்கள்.

"பொதுப்பணித்துறையில எட்டு வருஷம் அணை பார்த்தவன் நான். இது சுண்டைக்காய்."

"அங்க கட்டத்தானே செஞ்சீங்க? ஒண்ணையாவது உடைச்சிருக்கீங்களா?"

வடாம் பரணில் இருந்தது. இந்த ஊரில் வடாம் காயாது என்று நவம்பரில் அழகேசன் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அன்னம் ஜனவரி வரை பொறுத்தாள். ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சினாள். அவர் ஆபீஸ் போனதும் பரணில் ஏறி, அவருடைய பழைய வேட்டியை விரித்து ஊற்றினாள். பக்கத்தில் ஹீட்டரை வைத்தாள். இரண்டு வாரமாக அங்கே பகல் முழுக்கச் சித்திரை மாதம். இன்று சனிக்கிழமை, அவர் வீட்டில். ஆனாலும் விடிந்ததும் ஹீட்டரைப் போட்டுவிட்டிருந்தாள். இன்னும் ஒரு நாள் போதும்.

"தம்பி, இறங்கும்!"

பக்கத்து வீட்டு இராசநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே ஏழு பனிக்காலம் பார்த்தவர்.

"உதைக் கொத்தினால் ஓடுதான் உடையும். ஐஸ் உடைஞ்சால் உம்மட தலையிலைதான் விழும்."

"அப்ப வெந்நீர் ஊத்தறேன்."

"ஊத்தும். அதுவும் உறையும், அதுக்கு மேலை இன்னொரு மாடி கட்டலாம்."

இராசநாயகம் தன் வீட்டுக்குள் போய் ஒரு நீளக் கழியும், உப்பிய ஒரு பெண்கள் காலுறையும் கொண்டுவந்தார்.

"என்ரை மனுசியின்ரை பழசு. உள்ளுக்கை கல்சியம் குளோரைட், ஐஸ் உருக்கிற உப்பு."

தரையில் நின்றபடியே விளிம்புப் பனியைக் கழியால் இழுத்துத் தள்ளினார். பிறகு காலுறையைக் கழி நுனியில் தூக்கி, பனிக்கட்டிக்குக் குறுக்கே, நுனி வெளியே தொங்கும்படி கிடத்தினார். அது கரைத்த வழியில் தண்ணீர் கீழே ஓடிவிடுமாம்.

அழகேசன் தலையைக் குனிந்துகொண்டார். "தெருவே பார்க்குது சார்."

"பாக்கட்டும். கால் இல்லாமல்தானே கிடக்குது."

அரை மணியில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அன்னம் மூச்சு விட்டாள். இராசநாயகம் விடவில்லை.

"ஆனால் உது திருப்பிக் கட்டும். எல்லாற்றை கூரையிலையும் பனி கிடக்குது. உங்கட நடுக்கூரை மட்டும் மொட்டை. உள்ளுக்கை இருந்து சூடு வருது, பனி உருகி விளிம்பிலை வந்து உறையுது. மேலை ஏதும் எரியுதோ?"

"மேல வெறும் பரண்தான் சார். ஓட்டைப் பிரிச்சுப் பார்த்துட வேண்டியதுதான்."

அழகேசன் மறுபடி கோடாலியை எடுத்தார். முதல் படி. இரண்டாம் படி. ஏணி பனியில் ஒரு விரற்கடை வழுக்கியது.

"இறங்குங்க," என்றாள் அன்னம். "மேல ஹீட்டர் ஓடுது. வடாம் காயுது."

அழகேசன் அவளைப் பார்த்தார். கோடாலியைப் பார்த்தார். இறங்கி உள்ளே போனார். பரண் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"இது என் வேட்டி!"

இராசநாயகம் அன்னத்தின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஹீட்டரை நிப்பாட்டியாச்சோ? மரக்கூரை, பத்தினால் தெருவே போயிடும்!"

அன்னம் உள்ளே ஓடினாள். அழகேசன் ஹீட்டரைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு பரணிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் வாய்க்குள் ஏதோ நொறுங்கியது.

"காஞ்சிருக்கா?"

அவர் மென்று முடித்தார்.

"உப்பு கம்மி," என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.