இரட்டை மோட்டாரும் இட்லிக் கடையும்

1989ஆம் ஆண்டு மார்கழி முடிவதற்குள், அண்ணனூரில் வேம்புலியம்மாளின் ஓட்டு வீடு கிழக்கிலிருந்து தெற்கே முழுதாகத் திரும்பிவிட்டது. ஓர் ஓடும் நழுவவில்லை. அடுப்பிலிருந்த சாம்பாரும் தளும்பவில்லை. வாசல் மட்டும், அதில் அவள் நடத்திய இட்லிக் கடையுடன், பணிமனைச் சாலையை விட்டு விலகித் துலுக்கானத்தின் எருமைக் கொட்டகையைப் பார்த்து நின்றது. தக்காளி விலை ஏறியதற்கு வியந்த அளவுகூட ஊரார் இதற்கு வியக்கவில்லை. காலைச் சிற்றுண்டிக்கு நாலு எட்டு கூடுதலாக நடக்கவேண்டும் என்பது மட்டுமே அவர்களுக்கு உறைத்தது. அதற்கும் மனமின்றி வேறு கடைக்குப் போனார்கள்.

காரணம் அவள் கணவர் கஜபதி. ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பரிசோதகராக இருந்தவர். அதாவது, பிறர் செய்த பொருள்களில் குறை கண்டதற்குச் சம்பளம் பெற்றவர். தம் கையால் ஓர் ஆணியும் அடித்ததில்லை. ஓய்வு பெற்றவர் செய்யத்தக்க நற்காரியங்கள் எத்தனையோ இருக்க, அவர் துறைமுகப் பக்கம் போய்ப் பழைய பந்தயப் படகு ஒன்றை ஏலத்தில் எடுத்து லாரியில் ஏற்றி வந்தார். ஒல்லியான இரண்டு உடல்களை நடுவே ஒரு தளம் இணைத்திருந்தது; ஊரார் வழக்கம்போல் ஆராயாமல் அதைக் கட்டுமரம் என்றனர். பின்புறத்தில் தொங்கிய மோட்டார்கள் இரண்டும் துருவாக உதிர்ந்தன. வேறு மோட்டார்கள் பூட்டிக் கொரட்டூர் ஏரியில் அம்பாகப் பாய்வது என்று கஜபதி தீர்மானித்தார். நீச்சல் தெரியாதவர்களுக்கு இத்தகைய தீர்மானங்கள் எளிதில் வாய்க்கின்றன.

பூந்தமல்லியில் பழைய இயந்திரங்கள் விற்ற ஜாபர் அலி, இடமாகச் சுழல்வது ஒன்றும் வலமாகச் சுழல்வது ஒன்றுமாக இரண்டு மோட்டார்களைக் கொடுத்தனுப்பினார். கஜபதி அவற்றைப் பரிசோதித்தார். இடமாகச் சுழன்றதைப் பழுது என்று தள்ளித் திருப்பி எடுத்துச் சென்றார்.

“ஒண்ணு எடம் சுத்தணும், ஒண்ணு வலம் சுத்தணும் சார். அப்பத்தான் நேரா போவும்.”

“ஜோடின்னா ஒண்ணைப்போல ஒண்ணு இருக்கணும். முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன்கிட்ட வந்து சொல்றியா?”

“வந்தது நீங்கதான் சார்,” என்றார் ஜாபர் அலி. வலமாகச் சுழலும் இன்னொன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

கஜபதி படகைக் கொல்லையில் செங்கல் அடுக்கின்மேல் ஏற்றினார். திருடர்களுக்கு அஞ்சி வீட்டுத் தூணோடு சங்கிலியால் பிணைத்தார். விசிறிகள் மூழ்கும்படி அடியில் தண்ணீர்த் தொட்டி கட்டிச் சோதனை ஓட்டம் தொடங்கினார். ஒரே பக்கம் சுழன்ற மோட்டார்கள் படகைத் திருப்பின. படகு வீட்டைத் திருப்பியது. தொட்டியும் கொல்லையும் முருங்கை மரமும் கூடவே வந்தன. கஜபதியோ மோட்டாரின் ஒலியில் மட்டுமே குறை கண்டு, ஏரிக்குப் போகும் நாளை மாதந்தோறும் தள்ளிவைத்தார்.

“இன்னாம்மே, உன் ஊடு என் மாட்டை மொறைச்சிகினு கீது?” என்று துலுக்கானம் கேட்டான். “கறவை நின்னுடப் போவுது.”

அன்று வேம்புலியம்மாள் கணவரிடம் நேராகவே கேட்டாள்: “இட்லிய எருமைக்கா விக்கச் சொல்றே? கட போச்சுன்னா நீயும் உன் படகும் இன்னாத்தய்யா துன்னுவீங்க?”

“வாசல் சரியாத்தான் இருக்கு. ரோடுதான் விலகியிருக்கு,” என்றார் கஜபதி.

தை பிறந்தபின் ஒரு மாலை, விற்காத மாவு பொங்கிப் புளித்து வழிந்தது. வேம்புலியம்மாள் ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மோட்டார்கள் உறுமிக்கொண்டிருந்தன, கஜபதி கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவற்றை நொறுக்குவதற்காகப் படகில் ஏறியவள், பிடிமானத்துக்கு ஒரு நெம்புகோலைப் பற்றினாள். அது பின்னால் சாய்ந்தது. விசிறிகள் எதிர்ப்பக்கமாகச் சுழன்றன. மாதக்கணக்கில் திரும்பிய தொலைவை வீடு ஒரே மூச்சில் மீண்டது. கிழக்கையும் தாண்டி வடக்கே போயிற்று. அவள் நெம்புகோலை நடுவுக்குத் தள்ளியபோது, வாசல் ரயில் நிலையச் சந்தின் பக்கம் பார்த்து நின்றது. மாலை மின்ரயில் அப்போதுதான் ஆட்களை அங்கே கொட்டியிருந்தது. அவர்களுள் ஒருவர், வீடு வந்து நிற்கும்வரை பொறுமையாக ஒதுங்கியிருந்துவிட்டு, “தோச கீதா?” என்றார்.

வேம்புலியம்மாள் குழவியைக் கீழே வைத்தாள். “கீது. குந்து நைனா.”

அதன்பின் வந்த ஆண்டுகளில் அவ்வீடு காலையில் பணிமனை ஆட்களுக்காகக் கிழக்கேயும், மாலையில் ரயில் ஆட்களுக்காக வடக்கேயும் பார்த்தது. கடை பெருகி இரண்டு பெஞ்சுகள் கூடின. படகு ஏரியைக் கண்டதேயில்லை. நண்பகலில் அவள் வீட்டைத் தெற்கே திருப்பிவிட்டு உறங்குவாள். அந்நேரம் கஜபதி வாசற்படியில் அமர்ந்து துலுக்கானத்தின் எருமைகளைப் பரிசோதிப்பார்.

“ஒரு கொம்பு இந்தப் பக்கம் வளையுது, இன்னொண்ணு அந்தப் பக்கம் வளையுது. இதைத் தேர்வு பண்ணவன் யாரு?”

“மாடு நேரா போவணும் இல்ல சார்,” என்றான் துலுக்கானம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “யோவ், வண்டி வர்ற நேரமாச்சு. திருப்பு.” கஜபதி எழுந்து கொல்லைக்குப் போனார். வீடு வடக்கே திரும்பியது. எருமைகள் அசைபோடுவதை நிறுத்தவில்லை.