கையில் தட்டுப்படாத கட்டி

1

எல்லோரும் அழுதுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஒருவன் மட்டும் நோட்டும் பேனாவுமாகப் போனான். அவன்தான் இந்தக் கதையை எழுதுகிறான். தியாகதுருகத்தில் வாத்தியார் வேலை; பத்திரிகையில் வந்தவை இரண்டு கதைகள்; படித்தவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர்தான்.

கச்சிராயபாளையத்தில் கரும்பு பயிரிடும் என் பெரியப்பா மகன் ராஜாங்கத்தின் மனைவி கொளஞ்சியம்மாள். எனக்கு அண்ணி. நாற்பத்தேழு வயது. அவருக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த அன்று நானும் பதறினேன். பதற்றத்துக்கு நடுவே 'நல்ல கரு' என்று ஒரு நினைப்பு வந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்: 'கோமுகி அணைக்கு மேலே மேகங்கள் துக்கத்தோடு...'

(அன்று மேகமே கிடையாது. நல்ல வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: 'மரணம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு...'

(ஆரம்பக் கட்டம்தான், குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இந்த வாக்கியத்தை வெட்கத்தோடு அடிக்காமல் விடுகிறேன்.)

நடந்தது இதுதான். சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் ஓர் ஆய்வு. அண்ணிக்கு வந்த வகைப் புற்றுச்செல்களை மட்டும் குறிவைக்கும் புது மருந்தை, ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்துப் பார்க்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, மொத்தம் ஆறு.* சேர்வதும் பாதியில் விலகுவதும் அவர் விருப்பம். அண்ணி படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

* மருந்து நல்லதா என்பது ஒருவர் உடம்பை வைத்துத் தெரியாது. இன்னும் பல நூறு பேருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஒரே ஆளை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு சொல்வது கதை எழுதுகிற தொழிலில் மட்டும்தான் நடக்கும்.

3

நாலாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாள், குளிக்கும்போது அண்ணிக்குக் கட்டி கையில் தட்டுப்படவில்லை. ஆறும் முடிந்து ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபோது, வர முடியாது என்றுவிட்டார் அண்ணி.

“கட்டியே இல்ல. இன்னாத்த அறுக்கப் போறாங்க?”

அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். நான் நீளமாகப் பேசினேன். (அந்தப் பேச்சு இங்கே மூன்று பக்கம் இருந்தது. திரும்பப் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. நீக்கிவிட்டேன்.)

ஆய்வைக் கவனிக்கும் நர்ஸ் ராதிகா போன் செய்தார். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

“பயமா இருக்குங்களா?” என்றார் ராதிகா.

இத்தனை மாதத்தில் நான் கேட்காத கேள்வி.

“ஆமாம்மா. மாரையே முழுசா எடுத்துடுவாங்களோன்னு நெனச்சிகினே கெடக்கறேன்.” என்றார் அண்ணி. “அதான்.”

“கட்டி சுருங்கிட்டதால முழுசா எடுக்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. ஆனா கையில தட்டுப்படலன்னா உள்ள இல்லன்னு ஆயிடாது. மொதல்லயே அங்க அடையாளத்துக்கு சின்னதா ஒரு கிளிப்பு வச்சமில்ல? அந்த எடத்த எடுத்து சோதிச்சாதான் தெரியும்.”

“தண்ணிக்கு போர் போட எடம் பாத்து கல்லு வைக்கிற மாதிரியா?”

“அப்படித்தாங்க.”

“இத ஏன் யாரும் சொல்லல? திங்கக்கெழம வரேன்.”

4

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சோதனை ரிப்போர்ட் வாங்க அண்ணனும் அண்ணியும் சென்னை போனார்கள். நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கதைக்கான முடிவுகளோடு காத்திருந்தேன்.

அ: எடுத்த இடத்தில் ஒரு புற்றுச்செல்கூட இல்லை. அண்ணி சிரித்தபடி...

ஆ: கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இன்னும் சில மாதம் ஊசி. அண்ணி பெருமூச்சு விட்டு...

இ: இன்னும் எழுதவில்லை. பரிசு கிடைத்தால் இதற்குத்தான் கிடைக்கும்.

மத்தியானம் பஸ் வந்தது. இருவரும் இறங்கினார்கள்.

“ரிப்போர்ட்டுல இன்னா வந்துது அண்ணி?”

“நீ கேக்கறது கதைக்கா, எனக்கா?”

பதில் சொல்லும் முன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். அதற்குள் அவர் திரும்பிக்கொண்டார்.

“பசிக்குது. சாப்புட்டு வூட்டுக்குப் போலாம் வா.”

சாப்பாட்டுக் கடையில் அவர் ரசம் ஊற்றிக்கொள்ளும் வரை காத்திருந்தேன். பிறகு, அதை மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லி, மறுபடியும் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

வாசகரே, அந்த மூன்று முடிவில் உங்களுக்கு எது வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் அண்ணி எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டார். நான் ஏற வேண்டும்.